ஏ ஷிஃப்ட் முடிஞ்சா லீக் மேட்ச்! ஓசூர் பையனுக்கு எந்த ஊர் லீக்?

ஓசூரில் ஒரு பையன் நன்றாக ஃபுட்பால் ஆடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். வயது 19. டிப்ளமோ முடித்துவிட்டு சிப்காட்டில் ஒரு கம்பெனியில் டிரெய்னி. இரண்டு காலாலும் பந்தை அடிப்பான், ஓட்டமும் இருக்கிறது. அவன் எந்த ஊர் லீக்கில் ஆட வேண்டும்?

கேட்பதற்கு சுலபமான கேள்விதான். ஆனால், மேப்பைப் பாருங்கள். மாநிலத் தலைநகர் சென்னை 300 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. பெங்களூரு வெறும் 40 கிலோமீட்டர். ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, அதற்கப்புறம் கர்நாடகா. பஸ்ஸுக்கு எல்லை ஒரு பொருட்டே இல்லை. வேலைக்குப் போகிறவர்களுக்கும் இல்லை. இங்கே மைதானத்தில்கூட எல்லை இல்லை. ஒருவன் 'மச்சி, இங்க' என்று பந்து கேட்பான். இன்னொருவன் 'குரு, ஈ கடெ' என்பான். மூன்றாமவன் 'அன்னா, இட்டு' என்பான். பந்து யாருக்குப் போக வேண்டுமோ அவருக்குப் போய்விடும்.

ஆனால் லீக் என்று வந்துவிட்டால் கதை வேறு. அங்கே பெயர் பதிவு வேண்டும், கிளப் வேண்டும், சங்கம் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேல் ஞாயிற்றுக்கிழமை வேண்டும். நம் ஊர்ப் பையனிடம் இல்லாதது பெரும்பாலும் அந்தக் கடைசி ஐட்டம்தான். இந்த வாரம் அதைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

கப் வேறு, லீக் வேறு

பொங்கலுக்கோ கோயில் திருவிழாவுக்கோ ஊரில் டோர்னமென்ட் நடக்கும். ஃப்ளெக்ஸ் வைப்பார்கள். முதல் பரிசு இவ்வளவு, இரண்டாம் பரிசு இவ்வளவு, பரிசுக் கோப்பை வழங்குபவர் இன்னார் என்று போட்டிருக்கும். தோற்றால் வீட்டுக்கு, ஜெயித்தால் அடுத்த ரவுண்டு. இதுதான் கப், நாக்-அவுட்.

லீக் அப்படியில்லை. எல்லா டீமும் எல்லா டீமோடும் ஆட வேண்டும். ஜெயித்தால் 3 பாயின்ட், டிராவுக்கு 1. தோற்றாலும் அடுத்த வாரம் மேட்ச் உண்டு. சீசன் முடிவில் பட்டியலில் மேலே இருப்பவர்கள் மேல் டிவிஷனுக்குப் போவார்கள், அடியில் இருப்பவர்கள் கீழே இறங்குவார்கள்.

ஒரு சின்னக் கணக்கு போட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். 16 டீம் ஆடும் நாக்-அவுட்டில் மொத்தம் 15 மேட்ச்தான். அதில் 8 டீம்கள் ஒரே ஒரு மேட்ச் ஆடிவிட்டு பேக் பண்ணிவிடும். அதாவது, வந்தவர்களில் சரிபாதிப் பேருக்கு அந்த வருஷத்து ஃபுட்பால் ஒரே நாளில் முடிந்துவிட்டது. 10 டீம் ஆடும் லீக்கில், ஒருவரோடு ஒருவர் ஒரு முறை மோதினாலே 45 மேட்ச். கடைசி இடத்தில் வருகிற டீமுக்குக்கூட 9 மேட்ச் நிச்சயம்.

விளையாட்டில் ஒருவன் தேறுவது அந்த ஒன்பது மேட்ச்சில்தான். முதல் மேட்ச்சில் பெனால்டியைத் தவறவிட்டவன் நான்காவது மேட்ச்சில் தைரியமாகப் பந்தை எடுத்து வைப்பான். கோல்கீப்பர் எந்தப் பந்துக்கு வெளியே வர வேண்டும், எதற்கு வரக் கூடாது என்று கற்றுக்கொள்வான். கப் என்பது திருவிழாச் சாப்பாடு. லீக் என்பது தினமும் வீட்டில் வடிக்கிற சோறு. உடம்பு தேறுவது எதனால் என்று அம்மாக்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

முதலில் வந்தது கப்தான்

உலகம் முழுக்கவே முதலில் வந்தது கப். லீக் அப்புறம்தான். இங்கிலாந்தில் எஃப்.ஏ கப் 1871-72 சீசனில் தொடங்கியது. அதில் பெயர் கொடுத்தவை 15 கிளப்புகள். ஃபுட்பால் லீக் வந்தது 1888-ல், 12 கிளப்புகளோடு. ஏன் லீக் தேவைப்பட்டது? ஏற்கெனவே பேசி வைத்த மேட்ச்கள், கப் மேட்ச் குறுக்கே வந்ததும் ரத்தாகிக்கொண்டே இருந்தன. டிக்கெட் வாங்கி வந்த ரசிகர்கள் ஏமாந்து போனார்கள். ஆஸ்டன் வில்லா கிளப்பின் வில்லியம் மெக்ரெகர், 'வருஷம் முழுக்க இன்ன தேதிக்கு இன்னாரோடு மேட்ச் என்று முதலிலேயே முடிவு செய்துவிடுவோம்' என்ற யோசனையோடு மற்ற கிளப்புகளுக்குக் கடிதம் எழுதினார். லீக் பிறந்தது.

இந்தியாவிலும் இதே வரிசைதான். சிம்லாவில் டுராண்ட் கப் 1888, பம்பாயில் ரோவர்ஸ் கப் 1891, கல்கத்தாவில் ஐ.எஃப்.ஏ ஷீல்டு 1893. கல்கத்தா லீக் வந்தது 1898-ல். ஆரம்பத்தில் இந்தக் கோப்பைகளையெல்லாம் பிரிட்டிஷ் ராணுவ அணிகளே அள்ளிக்கொண்டு போயின. 1911-ல் மோகன் பகான் அணி ஈஸ்ட் யார்க்‌ஷைர் ரெஜிமென்ட்டை 2-1 என்று வீழ்த்தி ஷீல்டைத் தூக்கியது ஊரறிந்த கதை.

நமக்கு இன்னும் பக்கத்தில் நடந்த கதை ஒன்று உண்டு. ரோவர்ஸ் கோப்பையை வென்ற முதல் இந்திய சிவிலியன் அணி கல்கத்தாவிலிருந்து வரவில்லை, பம்பாயிலிருந்தும் வரவில்லை. 1937-ல் அதைச் சாதித்தது பெங்களூரு முஸ்லிம்ஸ் கிளப். அடுத்த வருஷமும் அவர்களே வென்றார்கள். ஓசூரிலிருந்து ஒரு மணி நேரப் பயண தூரத்தில் இருந்த அமெச்சூர் கிளப் அது.

பெங்களூரு லீக்கில் நம்ம ஆட்கள்

பெங்களூரு ஃபுட்பாலின் வரலாற்றைப் புரட்டினால் தமிழ்ப் பெயர்கள் வரிசையாக வரும். கன்டோன்மென்ட் பகுதி, அல்சூர், ஆஸ்டின் டவுன், மர்ஃபி டவுன் என்று தமிழர்கள் அடர்த்தியாக வாழ்ந்த இடங்கள்தான் அங்கே ஃபுட்பால் வளர்ந்த இடங்கள். அல்சூர் ஏரிக்கரையில் மெட்ராஸ் எஞ்சினீயர் குரூப்பின் மையம் இருக்கிறது. அந்த வீரர்களை ராணுவத்தில் 'தம்பி' என்றே அழைப்பார்கள். பெங்களூரு லீக்கில் எம்.இ.ஜி என்ற பெயரை அறியாதவர் இல்லை.

1948 லண்டன் ஒலிம்பிக். சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் ஃபுட்பால் மேட்ச், ஜூலை 31 அன்று பிரான்ஸை எதிர்த்து. நம் ஆட்களில் பெரும்பாலோர் பூட்ஸ் போடாமல் வெறுங்காலோடு ஆடினார்கள். இரண்டு பெனால்டிகள் வீணாயின. 2-1 என்று தோற்றோம். அந்த ஒரு கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன், மைசூர் அணிக்காக ஆடிய பெங்களூருக்காரர். ஒலிம்பிக் ஃபுட்பாலில் இந்தியாவின் முதல் கோல் ஒரு தமிழ்ப் பெயரில் பதிவாகியிருக்கிறது. நம் பாடப் புத்தகங்களில் இதற்கு ஒரு வரி கொடுத்தால் குறைந்துபோகாது.

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் இருந்த அருமைநாயகமும் பெங்களூரு தந்தவர்தான். அதே அணியில் கோல்கீப்பராக இருந்த பீட்டர் தங்கராஜ், மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் சேர்ந்து ஃபுட்பாலில் பெயர் எடுத்தவர். அந்த ரெஜிமென்ட்டின் மையம் நம் நீலகிரி வெலிங்டனில் இருக்கிறது. அங்கிருந்து போன அணி 1955-லும் 1958-லும் டுராண்ட் கோப்பையை வென்றது.

மாநிலங்களுக்கு இடையிலான சந்தோஷ் டிராஃபியில் மைசூர், பிறகு கர்நாடகா, இதுவரை ஐந்து முறை சாம்பியன். நான்காவது பட்டம் 1968-69-ல். ஐந்தாவதுக்கு 54 வருஷம் காத்திருந்தார்கள். 2023 மார்ச் 4 அன்று சவூதியின் ரியாத் நகரில் மேகாலயாவை 3-2 என்று வென்றபோதுதான் அந்தக் காத்திருப்பு முடிந்தது. தமிழ்நாடு? ஒரு முறைகூட இல்லை. 2012-ல் கட்டாக்கில் ஃபைனல் வரை போய் சர்வீசஸ் அணியிடம் 3-2 என்று கோட்டைவிட்டோம்.

பெண்களைக் கேட்டால் தலை நிமிர்ந்து பதில் சொல்வார்கள். சீனியர் மகளிர் தேசியப் போட்டியில் தமிழ்நாடு 2018-லும் 2023-லும் சாம்பியன். மதுரையின் சேது எஃப்.சி, 2018-19 இந்தியன் விமன்ஸ் லீக் பட்டத்தை வென்றது. 'பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு ஃபுட்பால்?' என்று கேட்கிற வீடுகளுக்கு இந்த இரண்டு வரியை ஃபார்வர்டு செய்யுங்கள்.

கம்பெனி கேட்டிலிருந்து வந்த கிளப்புகள்

இனி ஓசூருக்கு வருவோம். இந்த ஊருக்கும் ஃபுட்பாலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், என் பதில் ஒரே வார்த்தை: ஃபேக்டரி.

மான்செஸ்டர் யுனைடெட் எங்கே பிறந்தது தெரியுமா? 1878-ல், நியூட்டன் ஹீத் என்ற இடத்தில் இருந்த ரயில் பெட்டிப் பணிமனையில். அங்கே வேலை பார்த்தவர்கள் சேர்ந்து ஆரம்பித்த டீம் அது. நம் பெரம்பூர் ஐ.சி.எஃப் மாதிரி என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஆர்சனல் 1886-ல் வுல்விச் ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் தொடங்கியது. வெஸ்ட் ஹாம் 1895-ல் தேம்ஸ் அயர்ன்வொர்க்ஸ் என்ற கப்பல் கட்டும் கம்பெனியில் பிறந்தது. நெதர்லாந்தின் பி.எஸ்.வி, பிலிப்ஸ் கம்பெனிக்காரர்களின் கிளப். ஜெர்மனியின் லெவர்குசன், பேயர் மருந்துக் கம்பெனிக்காரர்களின் கிளப்.

இங்கிலாந்தில் மேட்ச் ஏன் சனிக்கிழமை மதியம் 3 மணிக்கு என்று வழக்கமானது? 1850-ல் வந்த தொழிற்சாலைச் சட்டம், துணி ஆலைகளில் பெண்களும் சிறுவர்களும் சனிக்கிழமை மதியம் 2 மணிக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்றது. அவர்கள் இல்லாமல் ஆலை ஓடாது. ஆகவே, ஆண்களுக்கும் விடுதலை. அந்தச் சனிக்கிழமை அரை நாள் மெல்ல மற்றத் தொழில்களுக்கும் பரவியது. 2 மணிக்கு சங்கு ஊதினால் 3 மணிக்கு மைதானம். ஃபுட்பால் வளர்ந்ததற்கு பந்து எவ்வளவு காரணமோ, அந்த அரை நாள் லீவும் அவ்வளவு காரணம்.

இந்தியாவிலும் அமெச்சூர் ஃபுட்பாலைத் தாங்கிப் பிடித்தது வேலை தந்த நிறுவனங்கள்தான். பெங்களூரில் எச்.ஏ.எல், ஐ.டி.ஐ போன்ற பொதுத்துறை நிறுவனங்களின் டீம்கள். சென்னை லீக்கில் ஐ.சி.எஃப், சதர்ன் ரயில்வே, கஸ்டம்ஸ், இன்கம் டாக்ஸ், ஏ.ஜி ஆபீஸ், இந்தியன் வங்கி. இதில் எச்.ஏ.எல் ஐ-லீக் வரை போனது. இந்தியன் வங்கி தேசிய கால்பந்து லீக்கில் ஆடியது. நன்றாக ஆடினால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை, மேட்ச் நாளில் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம், ரிட்டையர் ஆனால் பென்ஷன். 'பந்து உதைச்சா சோறு கிடைக்குமா?' என்ற கேள்விக்கு ஒரு தலைமுறையே 'கிடைக்கும்' என்று பதில் சொன்னது இப்படித்தான்.

ஓசூர் ஃபேக்டரி ஊராக மாறியது அதற்குக் கொஞ்சம் பிந்தி. 1980 வாக்கில் அசோக் லேலண்ட் வந்தது. டி.வி.எஸ் மொபெட் வந்தது. 80-களின் நடுவில் டைட்டன் வாட்ச் வந்தது. இப்போது போன் பாகங்கள் செய்கிற பெரிய ஆலை வரை வந்துவிட்டது. கிருஷ்ணகிரி 2004-ல் தனி மாவட்டமானது. ஓசூர் 2019-ல் மாநகராட்சியானது. ஃபேக்டரி இருக்கிறது, ஆயிரக்கணக்கில் இளைஞர்கள் இருக்கிறார்கள், ஃபுட்பால் பைத்தியமும் இருக்கிறது. ஆனால், அந்தச் 'சனிக்கிழமை மதியம் 2 மணி' இல்லை.

ஷிஃப்ட் என்கிற சென்டர் பேக்

ஏ ஷிஃப்ட் காலை 6 முதல் 2. பி ஷிஃப்ட் 2 முதல் இரவு 10. சி ஷிஃப்ட் இரவு 10 முதல் காலை 6. வாரா வாரம் மாறும். 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்தில் ஒரு நாள் விடுமுறையை உறுதிசெய்தது உண்மை. ஆனால், அது ஞாயிறாகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. அதற்கு முன்னோ பின்னோ மூன்று நாளுக்குள் மாற்றிக் கொடுக்க வழியிருந்தது. பதினொரு பேர் டீமில் பதினொரு பேருக்கும் ஒரே நாளில் லீவு கிடைப்பது ஜாக்பாட் மாதிரி.

இங்கே எந்த லைனிலும் கேட்கக்கூடிய உரையாடல் இது:

"சார், ஞாயித்துக்கிழமை மேட்ச் இருக்கு. ஷிஃப்ட் மட்டும் மாத்திக் குடுங்க சார்."

"போன வாரமும் இதையேதான்ப்பா சொன்ன. லைன்ல ஆள் இல்ல, நான் என்ன பண்றது?"

இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் இது சிக்கல். டிரெய்னியாகவோ கான்ட்ராக்ட்டிலோ இருக்கிற பையன் இரண்டாம் முறை கேட்கவே பயப்படுவான். மூன்றாம் முறை மேட்ச்சுக்குப் போக மாட்டான். ஆறு மாதத்தில் பூட்ஸ் பரணுக்குப் போய்விடும்.

அவனுக்கு மிச்சம் இருப்பது டர்ஃப். பத்து பேர் சேர்ந்து ஒரு மணி நேரத்துக்கு எடுப்பது, ஜி-பேயில் ஆளுக்குக் கொஞ்சம் போடுவது, ஐவர் ஐவராக ஆடுவது. ஜாலிதான், உடம்புக்கும் நல்லதுதான். ஆனால், அங்கே ஆஃப்சைடு கிடையாது, பெரும்பாலும் ரெஃப்ரி கிடையாது, பாயின்ட்ஸ் டேபிள் கிடையாது. நீங்கள் எவ்வளவு நன்றாக ஆடினாலும் எந்த நோட்டிலும் உங்கள் பெயர் ஏறாது. லீக்கில் ஆடினால் ஏறும். தேர்வாளரோ பெரிய கிளப்போ தேடி வந்தால், அவர்கள் பார்ப்பது அந்த நோட்டைத்தான்.

அமெச்சூர் என்றால் யார்?

'மேட்ச்சுக்குப் போனா பஸ் காசு, சாப்பாடு, கொஞ்சம் கைச்செலவுக்கும் குடுத்தாங்க. அப்ப நான் ப்ரொஃபஷனல் ஆயிட்டேனா?' இந்தச் சந்தேகம் பலருக்கு உண்டு. ஃபிஃபா விதி தெளிவாகச் சொல்கிறது. எழுத்துபூர்வமான ஒப்பந்தம் இருந்து, விளையாடுவதற்கு ஆகும் செலவைவிட அதிகமாகப் பணம் வாங்கினால் ப்ரொஃபஷனல். மற்ற எல்லோரும் அமெச்சூர். பஸ் காசும் பரோட்டாவும் உங்களை ப்ரொஃபஷனல் ஆக்காது.

இன்னொரு விதி இன்னும் முக்கியம். ஒருவர் ஒரே நேரத்தில் ஒரு கிளப்பில்தான் பதிவு செய்திருக்க முடியும். ஒரு சீசனில் அதிகபட்சம் மூன்று கிளப்புகளில் பதியலாம் என்றாலும், பொதுவாக இரண்டு கிளப்புகளுக்குத்தான் அதிகாரபூர்வ மேட்ச் ஆட முடியும். ஆகவே, பெங்களூரில் ஒரு கிளப்பில் கையெழுத்துப் போட்டுவிட்டு, இங்கே மாவட்ட லீக்கில் இன்னொரு டீமுக்கு ஞாயிற்றுக்கிழமை இறங்கலாம் என்று நினைத்தால் பிரச்னைதான். கிளப் மாறுவதற்கும் முறை இருக்கிறது, காலம் இருக்கிறது. இரண்டு மாநிலச் சங்கங்கள் சம்பந்தப்பட்டால் வேலை கூடும்.

ஆகவே பசங்களா, யாராவது ஒரு ஃபார்மை நீட்டி 'சும்மா கையெழுத்துப் போடு தம்பி' என்றால், உடனே போட வேண்டாம். மூன்று கேள்வி கேளுங்கள். எந்தக் கிளப், எந்தச் சங்கம், எந்த சீசன் முடிய? 18 வயதுக்குக் கீழே என்றால் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். கையெழுத்துப் போட்டதை போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கிளப் உயர்ந்தது, ஓய்ந்தது

அமெச்சூர் லீக்கிலிருந்து எவ்வளவு உயரம் போகலாம் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. சென்னை சிட்டி எஃப்.சி. சென்னை லீக்கில் ஆடிக்கொண்டிருந்த கிளப். ஐ-லீக்குக்குப் போய், கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தைச் சொந்த மைதானமாக வைத்துக்கொண்டு ஆடியது. 2019 மார்ச் 9 அன்று மினர்வா பஞ்சாப்பை 3-1 என்று வென்று, 43 பாயின்ட்டோடு சாம்பியன் ஆனது. ஈஸ்ட் பெங்கால் 42 பாயின்ட்டோடு இரண்டாம் இடம். ஒரே ஒரு பாயின்ட் வித்தியாசம்! கோல் மழை பொழிந்தவர் ஸ்பெயினிலிருந்து வந்த பெட்ரோ மான்சி என்றாலும், அந்த அணியில் நம் ஊர் லீக்குகளில் ஆடி வளர்ந்த பையன்கள் நிறைய இருந்தார்கள்.

அடுத்த காட்சி சோகமானது. 2021-22 ஐ-லீக்கில் சென்னை சிட்டியின் பெயரே இல்லை. பட்டம் வென்று மூன்று வருஷம்கூட ஆகவில்லை. ஆனால், அங்கே ஆடிய சில பையன்கள் ஐ.எஸ்.எல் கிளப்புகளுக்குப் போய்விட்டார்கள். கிளப் ஓய்ந்தாலும் கற்றுக்கொண்ட ஆட்டம் அவர்களோடு போனது. பெரிய கிளப் இன்று இருக்கும், நாளை இல்லாமல் போகும். அடியில் இருக்கிற லீக் நின்றுவிட்டால்தான் அடுத்த பையன் வரவே மாட்டான்.

ஓசூர் கணக்கு

சரி, விமர்சனம் போதும். ஒரு பேப்பரை எடுங்கள், கணக்குப் போடுவோம்.

எட்டு கம்பெனிகள், அல்லது எட்டு ஏரியாக்கள். எட்டு டீம். ஒருவரோடு ஒருவர் ஒரு முறை மோதினால் 28 மேட்ச். ஒரே மைதானத்தில் ஞாயிறுதோறும் இரண்டு மேட்ச் நடத்தினால் 14 ஞாயிறு. இங்கே செப்டம்பர், அக்டோபரில் மழை பிடிக்கும். டிசம்பர் முதல் ஞாயிறு தொடங்கினால், பொங்கலுக்கு ஒரு வாரம் விட்டாலும் மார்ச் பாதிக்குள் முடிந்துவிடும்.

நேரம்? காலை 7 மணி வேண்டாம். ஏ ஷிஃப்ட்காரர்கள் வர முடியாது, சி ஷிஃப்ட் முடித்தவர்கள் தூக்கத்தில் நிற்பார்கள். மதியம் 3.15-க்கு முதல் மேட்ச். ஒரு பாதிக்கு 35 நிமிடம், நடுவே 10 நிமிடம். 4.35-க்கு முடியும். 4.45-க்கு இரண்டாவது மேட்ச், 6.05-க்கு விசில். ஃப்ளட்லைட் செலவு இல்லை. ஏ ஷிஃப்ட் முடித்து 2 மணிக்கு வெளியே வந்தவர் சாப்பிட்டுவிட்டே மைதானத்துக்கு வந்துவிடலாம். சி ஷிஃப்ட்காரர் காலையில் தூங்கி எழுந்து வரலாம்.

டீமுக்கு 22 பேர் பதிவு செய்யுங்கள். மூன்று ஷிஃப்ட்டாகப் பிரித்தால் ஷிஃப்ட்டுக்கு ஏழு பேர் சுமார். பி ஷிஃப்ட்டில் மாட்டிய ஏழு பேர் வராவிட்டாலும் 15 பேர் மிச்சம். பதினொரு பேர் இறங்கலாம், பெஞ்சில் நான்கு பேர். யாரும் சூப்பர்வைசரிடம் கெஞ்ச வேண்டியதில்லை. எட்டு டீமுக்கு 22 என்றால் 176 பேர் மூன்றரை மாதம் ஒழுங்காக ஆடுகிறார்கள்.

லீக் முடிந்ததும் அதே எட்டு டீமுக்கு ஒரு கப் வையுங்கள். மொத்தம் 7 மேட்ச். குவார்ட்டர் ஃபைனலுக்கு இரண்டு ஞாயிறு, செமி ஃபைனலுக்கு ஒன்று, ஃபைனலுக்கு ஒன்று. நான்கே வாரம். லீக்கில் கடைசியில் வந்த டீம் முதலில் வந்த டீமை ஒரு மதியத்தில் தோற்கடிக்கிற சந்தோஷம் கப்பில்தான் கிடைக்கும். லீக் இருக்கிற ஊரில் கப்புக்கு ருசி இரண்டு மடங்கு.

பெண்கள் டீமை மறந்துவிடாதீர்கள். ஓசூர் பக்கத்து ஆலைகளில் ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் ஹாஸ்டலில் தங்கி வேலை செய்கிறார்கள். நான்கு டீம் போதும். ஆறு மேட்ச், மூன்று ஞாயிறு. ஆரம்பம் அவ்வளவுதான். மைதானத்தில் ஒரு நல்ல கழிவறையும் உடை மாற்ற ஓர் அறையும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. இல்லாவிட்டால் எத்தனை அழைப்பு விடுத்தாலும் அவர்கள் வர மாட்டார்கள், வரவும் முடியாது.

பணம் எங்கே போகும்? ரெஃப்ரி, சுண்ணாம்புக் கோடு, பந்து, முதலுதவிப் பெட்டி, அவசரத்துக்கு ஒரு வண்டி. பெரிய பட்ஜெட் இல்லை. ஒரு நாள் டோர்னமென்ட்டுக்கு வைக்கிற ஃப்ளெக்ஸ், மேடை, சீரியல் செட்டைக் குறைத்தாலே ஒரு பகுதி வந்துவிடும். மாவட்டச் சங்கத்தின் அனுமதியோடு நடத்துங்கள். அப்போதுதான் பதிவு செல்லும், பையன்களின் கணக்கும் ஏறும்.

கம்பெனி நிர்வாகங்களிடம் கேட்க ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. ஃபிக்ஸ்ச்சர் பட்டியல் மூன்று மாதத்துக்கு முன்பே கையில் இருக்கும். ஷிஃப்ட் ரோஸ்டர் போடும்போது அதை ஒரு பார்வை பார்த்தால் போதும்.

முதல் கேள்விக்கு இப்போது பதில் சொல்லிவிடலாம். நன்றாக ஆடுகிற ஓசூர் பையன் பெங்களூரு லீக்கில் ஆடலாம், சென்னை லீக்கிலும் ஆடலாம். விதிப்படி பதிவு செய்தால் இரண்டுமே நல்ல வழிதான். ஆனால், சுமாராக ஆடுகிறவனும் இருக்கிறான். இரண்டு வருஷம் விடாமல் ஆடினால் நன்றாக ஆடக்கூடியவன். அவன் 40 கிலோமீட்டர்கூடப் போக மாட்டான். அவனுக்காகத்தான் ஓசூரில் ஒரு லீக் வேண்டும்.

உங்கள் ஊரில், உங்கள் கம்பெனியில் ஃபுட்பால் டீம் இருக்கிறதா? லீக் ஆடுகிறீர்களா, கப் மட்டும்தானா? ஷிஃப்ட்டை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? எழுதி அனுப்புங்கள். அடுத்த வாரம் சந்திப்போம்.